அஞ்சுவெடித் தோக்கும் நானும்

துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவனிடம் வந்து, "என் குறி தவறிவிட்டது" என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எல்லோருடைய குறியும் சரியாகத்தான் இருந்திருக்கும், துப்பாக்கிதான் துரோகம் செய்திருக்கும்.

கடிகாரம், தையல் மெஷின், காஸ் விளக்கு என்று பிறத்தியார் பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு முழிக்கிற சக பாவிகள் இதைப் படித்தால் என் வேதனை புரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், திருவனந்தபுரத்தில் தொழில் படித்துவிட்டு, சர்க்கார் லைசென்சோடு நாகர்கோவில் வடசேரிச் சந்தை ஓரத்தில் ஓர் ஒற்றை அறையில் கடை போட்டேன். வருவதெல்லாம் கரிமருந்து இடித்து வெடிக்கிற நாட்டுத் துப்பாக்கிகள். எப்போதாவது ஒரு இரட்டைக்குழல் வரும். கண்ணை மூடிக்கொண்டு சரிசெய்துவிடுவேன். அப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரே ஒரு துப்பாக்கி வந்து நுழைந்தது. அதன் கோளாறைக் கண்டுபிடிக்காவிட்டால் எனக்குக் கல்யாணமே இல்லை என்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. அந்தக் கதைகள்தான் இவை.

பன்றியின் விலாசம்

பேச்சிப்பாறைக்கு மேலே மலையில் மரச்சீனிக் கிழங்கும் நல்லமிளகும் போட்டிருந்தவர் அருமைநாயகம். சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். மேற்கே துப்பாக்கியைத் தோக்கு என்றுதான் சொல்வார்கள். இவருடையதற்கு அஞ்சுவெடித் தோக்கு என்று பெயர். குழலுக்குக் கீழே இன்னொரு குழல் இருக்கும். அதற்குள் தோட்டாக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துவிட்டு, முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளினால், வெடித்த காலிக்கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா மேலே ஏறும். அந்தக் கீழ்க்குழலுக்கு மேகசின் என்று பெயர். அருமைநாயகம் அதை ஒரு கோரம்பாயில் சுருட்டி, காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிவருகிற மாதிரி கொண்டுவந்து என் மேஜையில் கிடத்தினார்.

"ஒண்ணு வெடிக்கும். ரெண்டாவது வராது. பன்னி நின்னு பாத்துட்டுப் போவுது" என்றார். நான் கடைக்குப் பின்னால் மண்மேட்டுப் பக்கம் கொண்டுபோய் ஐந்தையும் விட்டேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை. பிறகு அவரை இழுத்துக் காட்டச் சொன்னேன். பிரசங்கம் நடக்கும்போது கோயில் கதவைத் திறக்கிறவர் மாதிரி அவ்வளவு மரியாதையாக, பாதி தூரம் இழுத்தார். பாதி இழுத்தால் அடுத்த தோட்டா எப்படி ஏறும்? "ஐயா, கோளாறு துப்பாக்கியில இல்ல. கடைசி வரைக்கும் பலமா இழுக்கணும். பாருங்க, இங்கே நல்லாத்தான் வெடிக்குது" என்று பெருமையோடு சொன்னேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்க கடையில வெடிக்கும் வேய். பன்னி உமக்க கடைக்கா வரும்?"

வற்றல்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் மறுபடி வந்தார். இப்போது பலமாகத்தான் இழுக்கிறாராம், தோட்டா பாதியில் நின்றுவிடுகிறதாம். அந்தக் காலத்துத் தோட்டாவுக்கு அடியில்தான் பித்தளை, மேலே உடம்பெல்லாம் காகிதம். மலைமழையின் ஈரத்தைக் குடித்து எல்லாம் ஊதிப் போயிருந்தன. குழலுக்குள் போகவும் மாட்டேன், வரவும் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தன. இது எனக்குக் கைவந்த கோளாறு. "ஈரம் படாம வையுங்க. இறுக்கமா மூடுற தகரப் பெட்டி நல்லது" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் மனைவி ஞானம்மாள் காரியம் என்றால் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ஈரம் ஆகாது என்று கேட்டதும், வெயில் தலைகாட்டிய முதல் நாளே தோட்டா முழுவதையும் முற்றத்தில் பாய்போட்டு உலர்த்திவிட்டார். அதே பாயின் மறுபாதியில் நெத்திலியும் சாளையும் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்ததும் இரண்டையும் ஒரே தகரப் பெட்டியில் போட்டு இறுக்கமாக மூடினார். அருமைநாயகம் அந்தப் பெட்டியை என் கடையில் வைத்துத் திறந்தபோது, எதிர்ச்சாரியில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மீன் எங்கே விற்கிறது என்று திரும்பிப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்துவிட்டது, தோட்டா தடையில்லாமல் போய்வருகிறது, பிறகு என்ன குறை என்று கேட்டேன்.

"காட்டுல நான் கால் வச்சதும் மணம் பிடிச்சுப் பன்னியெல்லாம் ஓடிருது. ஊருப் பூனையெல்லாம் பின்னால வருது வேய்."

நடுப்பக்கம்

துப்பாக்கியைக் கழுவித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். கருவாட்டு வாசனை அவ்வளவு லேசில் போகிறதா? நாலைந்து நாள் கழித்து, ரெடியாகிவிட்டதா என்று கேட்க ஒரு பெண் வந்தாள். நாகர்கோவிலில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கையில் குடை, ஒரு பை. "அருமைநாயகத்துக்க மகள். நேசம்மாள்" என்றாள். அவள் வந்த நேரம் நான் துப்பாக்கியின் கீழ்க்குழலைப் பார்த்துக் குழம்பிப்போயிருந்தேன். அதன் மூடியை யாரோ திருகிக் கழற்றி, கோணலாகப் பூட்டியிருந்தார்கள். தெரியாதவர்கள் கைவைத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பெண் என்றுகூடப் பார்க்காமல் கேட்டுவிட்டேன்: "உங்க வீட்டுல மேகசினைப் பிரிச்சது யாரு?"

அவள் முகம் வெளிறிவிட்டது. குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு பையிலிருந்து சபையின் மாதப் பத்திரிகை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அதன் பெயருக்குக் கீழேயே மேகசின் என்று அச்சடித்திருந்தது.

"நான்தான் பிரிச்சேன். நடுப்பக்கத்துல பூத்தையல் படம் இருந்து. அது உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சு?"

பாம்பு

அதற்குப் பிறகு துப்பாக்கி ரெடியா என்று கேட்க அவள் வாரத்தில் இரண்டு தடவை வந்தாள். துப்பாக்கியை நான் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது மலையில் அவள் வீட்டில்தான் இருந்தது. இதை நான் அவளிடம் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. அடுத்த கடையில் குடை ரிப்பேர் செய்கிற மீரான் பாய் மட்டும், அவள் வரும்போதெல்லாம் ஒரு பழைய குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்.

கார்த்திகையில் துப்பாக்கி திரும்பி வந்தது. மூன்றாவது தோட்டாவோடு நின்றுவிடுகிறதாம். மேகசினுக்குள் தோட்டாக்களைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு ஒரு நீளச் சுருள்கம்பி உண்டு. அது தளர்ந்திருக்கும் என்று நினைத்து மூடியைத் திருகினேன். தளர்ச்சியாவது ஒன்றாவது! கம்பி என் காதை உரசிக்கொண்டு பறந்தது. ரோட்டைத் தாண்டி, ஒரு அம்மாளின் புடலங்காய்க் கூடைக்குள் விழுந்து நெளிந்தது. "பாம்பு!" என்று ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அடுத்த நிமிஷம் சந்தையில் இருந்த அத்தனை கம்பும் அந்தக் கூடைமேல் இறங்கியது. நான் "அடிக்காதீங்க, அடிக்காதீங்க" என்று ஓடினேன். ஜீவகாருண்யம் உள்ள பையன் என்று யாரோ என்னைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்கள். புடலங்காயும் கம்பியும் அடையாளம் தெரியாமல் நசுங்கியபின், மீரான் பாய் கம்பியை வாலைப் பிடித்துத் தூக்கிவந்து என் மேஜையில் போட்டார்.

"உயிரு போயிட்டு தம்பி. இனி ரிப்பேரு செய்யாண்டாம், அடக்கம் செய்யும்."

பெண் கேட்டது

மீரான் பாய் உதவியால் குடைக்கம்பி விற்கிற இடத்திலேயே நல்ல எஃகுக் கம்பி கிடைத்தது. கீழ்க்குழலுக்குள் பிடித்திருந்த துருவையும் சுரண்டிவிட்டுப் புதுச்சுருள் செய்து போட்டேன். அருமைநாயகம் வந்தபோது ஐந்தும் சிக்காமல் ஏறி இறங்கின. "இனி இது காய்ஞ்சு போகக் கூடாது. மெஷின் எண்ணெய் மட்டும் போடுங்க. வேற எண்ணெய் எதுவும் ஆகாது" என்று அழுத்திச் சொன்னேன். கவனமாகத் தலையாட்டிக்கொண்டார். ஆனால் மலைக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பவும் கொண்டுவந்தார். விடியக்காலம் ஒன்று வெடித்து நின்றுவிட்டதாம். என் கடையில் மதிய வெயிலில் இழுத்துப் பார்த்தால் கைப்பிடி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. உள்ளேயெல்லாம் எண்ணெய் பளபளவென்று இருந்தது. "நல்லா எண்ணெய் போட்டிருக்கீங்க" என்று பாராட்டவும் செய்தேன். எனக்குக் காரணம் பிடிபடவில்லை. என் தொழிலில் முதல்முறையாகப் பயம் வந்தது.

பயம் துப்பாக்கியைப் பற்றி மட்டுமில்லை. நேசம்மாளைப் பெண் பார்க்க, கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ஒரு ரைட்டருக்காக அவர் வீட்டார் வருகிறார்கள் என்று அவளே வந்து சொல்லியிருந்தாள். சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. எப்படியும் கேட்டுவிடுவது என்று துணிந்து, தொண்டையைச் செருமி, "ஐயா, உங்க வீட்டுல இருக்கிறதை எனக்குத் தந்தா கண்ணு மாதிரி பாத்துக்கிடுவேன்" என்றேன். அவர் சட்டென்று துப்பாக்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இத ஏன் வே உமக்குத் தரணும்?" என்றார். இதை இல்லை என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. புரிந்ததும் அவர் கோபப்படவில்லை. துப்பாக்கியை மடியிலிருந்து எடுத்துத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"ரைட்டருக்க ஆளுவ சனியாழ்ச்ச மத்தியானம் வாறானுவ. அதுக்கு முந்தி எனக்க தோட்டத்துல வச்சு இந்தத் தோக்க அஞ்சு வெடி வெடிக்க வையும், பேசலாம். ஆனா ஒண்ணு, எனக்க மகளுக்க வாயி அஞ்சோட நிக்காது. அதையும் பாத்துக்கிடும்."

குளிர்

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து, பிறகு நடந்து, மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். சனிக்கிழமை கிழக்கு வெளுக்கும்போது நானும் அருமைநாயகமும் மரச்சீனி விளையின் ஓரத்தில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பல் கிட்டுகிற குளிர். பன்றிகள் குடும்பத்தோடு வந்தன. அவர் குறிபார்த்துச் சுட்டார். குண்டு ஒரு மரச்சீனிச் செடியைச் சாய்த்தது. கைப்பிடியை இழுத்தார், வரவில்லை. நான் வாங்கி இழுத்தேன், வரவில்லை. அவர் குழலைப் பிடித்துக்கொள்ள, நான் பாறையில் காலை உதைத்து இழுத்தேன். பெரிய பன்றி ஒன்று தலையைத் தூக்கி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சாய்ந்து கிடந்த செடியின் மூட்டிலிருந்து கிழங்கைத் தின்ன ஆரம்பித்தது. அருமைநாயகம் எழுந்து வீட்டைப் பார்த்து நடந்தார். அவர் பின்னால் துப்பாக்கியைச் சுமந்துகொண்டு போனபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. நேசம்மாள் கைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

ஞானம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டும் மக்கா, தலையில எண்ண வச்சுக் குளி" என்று ஒரு குப்பியை நீட்டினார். கவிழ்த்தேன், சொட்டுக்கூட விழவில்லை. "உறைஞ்சு கிடக்கும். மார்கழியில்லா, இங்க எப்பவும் அப்பிடித்தான். அடுப்புக்கிட்ட வச்சு உருக்கு" என்றார். நான் குப்பியைப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று கட்டியாக இருந்தது. குப்பியைப் போட்டுவிட்டு ஓடிப்போய், மிச்சமிருந்த தோட்டாக்களை வெளியே எடுத்துவைத்துவிட்டுத் துப்பாக்கியைப் பிரித்தேன். உள்ளேயும் அதே வெள்ளை. சுருள்கம்பி, கைப்பிடித் தண்டு, தோட்டாவைத் தூக்குகிற தகடு எல்லாம் நெய்க்குள் முக்கி வைத்த மாதிரி இறுகியிருந்தன. தேங்காயெண்ணெய்! வடசேரி வெயிலில் அது உருகி ஓடும். வாசனையும் எனக்குத் தெரியவில்லை, என் தலையிலும் அதே எண்ணெய்தானே. "மெஷின் எண்ணெய் போடச் சொன்னேனே ஐயா!" என்று அலறினேன். அருமைநாயகத்துக்கு வந்ததே கோபம்!

"இது மெஷின் எண்ணதானே வே! செக்குல ஆட்டினா நீரு வேண்டாம்னு சொல்லுவீருண்ணு, குலசேகரத்துல எஞ்சின் மில்லுல போயி, காத்துக் கெடந்து ஆட்டி வாங்கினேன். செக்கெண்ணைக்க மணம் இதுக்கு உண்டுமா, மோந்து பாரும்!"

ஐந்தும்

அவர் சொன்னதில் என்ன தப்பு? மெஷினில் ஆட்டினது மெஷின் எண்ணெய்தான். வாதாட நேரமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஞானம்மாள் ஒரு குப்பி மண்ணெண்ணெய் கொண்டுவந்தார். ஒவ்வொரு உறுப்பாகக் கழுவி, துணியால் துடைத்து, காயவைத்துப் பூட்டினேன். நேசம்மாள் அடுக்களைக் கதவோரம் நின்று, விருந்தாளிகளுக்கு முறுக்கு எடுத்து வைக்கிற சாக்கில் ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஒரு முறுக்கும் முழுதாகத் தட்டுக்குப் போகவில்லை. "சரியாவுமா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆகும் என்று சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

பூட்டி முடித்ததும் அருமைநாயகம் துப்பாக்கியைப் பிடுங்கி, ஐந்து தோட்டா அடைத்து, வீட்டின் பக்கவாட்டில் ஆளில்லாத பாறைச் சரிவைப் பார்த்து நின்றார். ஒன்று. பலமாக, கடைசி வரைக்கும் இழுத்தார். இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து! மலை முழுவதும் எதிரொலித்தது. நான் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவரும் என்னைக் கட்டிப்பிடித்தார். இப்படி இரண்டு பேரும் குதித்துக்கொண்டிருந்தபோதுதான் கீழே பாதையில் சத்தம் கேட்டது. ரைட்டர் வீட்டார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். வாழைக்குலை ஒரு பக்கம், பலகாரக் கூடை ஒரு பக்கம், குடைகள் ஒரு பக்கமாகக் கிடந்தன. ஆட்கள் எல்லோரும் இறக்கத்தில் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை ரைட்டர்தான் முன்னால் ஓடினார். அருமைநாயகம் "நில்லுங்க, நில்லுங்க, உங்களையில்ல!" என்று கத்தினார். துப்பாக்கியைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு கத்தியதால் அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள்.

நேசம்மாள் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, இன்னும் அஞ்சு அடைச்சு வைங்க. அவங்க திரும்பி வந்தா வேணுமே" என்றாள். அருமைநாயகம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாதையில் கிடந்த வாழைக்குலையைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, துப்பாக்கியை என் கையில் கொடுத்தார்.

"தோக்கு வெடிச்சிட்டு. வந்தவனுவ ஓடிட்டானுவ. பழமும் பலகாரமும் அப்பிடியே கெடக்கு. ஓய், நீரே எனக்க மகளக் கெட்டும்."

தோட்டா சிக்கினால் கம்பியைப் பார், காகிதத்தைப் பார், எண்ணெயைப் பார் என்று எனக்குச் சொல்லித்தர ஆளிருந்தது. மாமனார் சிக்கினால் எதைத் திறந்து பார்ப்பது என்று சொல்லித்தர இன்றுவரை ஆளில்லை.